நம்பை 1.24-க்கு மாறியதும் காணாமல் போன நீர்மட்டம்

கும்பகோணத்தில் உழவர் குழு ஒன்றுக்காக மேட்டூர் நீர்மட்டத்தைத் தொகுக்கும் பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தை 1.24 பதிப்புக்கு உயர்த்தியதும் நீர்மட்டக் கட்டங்கள் வெறுமையாகின. பிழைச் செய்தியே இல்லை. தேதி வடிவத்தைச் சந்தேகித்தேன், தரவுக் கோப்பை மறுபடி இறக்கினேன். மூன்று நாள் வீண். குறுவைக்கு நாற்று விடும் நேரம் வேறு.

1.23-க்குத் திரும்பி, மறைந்திருக்கும் எச்சரிக்கைகளையும் காட்டவைக்கும் '-டபிள்யூ டிஃபால்ட்' (-W default) சேர்த்து ஓட்டியதும் துணைக் கோப்பில் 'என்பி.ஃப்ளோட்' (np.float) என்ற, தசம எண் வகைக்கான பழைய பெயர் உள்ள வரி சிக்கியது. 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பிலிருந்தே, அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லும் எச்சரிக்கை உண்டு. ஆனால் இவ்வகை எச்சரிக்கை நாம் நேரடியாக ஓட்டும் கோப்பில் எழுந்தால்தான் பைத்தான் காட்டும். இறக்குமதியாகும் கோப்பில் எழுந்தால் மறைத்துவிடும். 1.24-இல் அந்தப் பெயரே நீக்கப்பட்டதும் எழுந்த பிழையை, எந்தப் பிழையையும் பிடிக்கும்படி நான் எழுதிய 'எக்ஸெப்ட்' (except) பகுதி விழுங்கியிருக்கிறது.

வெறும் 'ஃப்ளோட்' என மாற்றினேன். 'எக்ஸெப்ட்' இனி தவறான மதிப்புக்கு எழும் 'வேல்யூ எரர்' (ValueError) பிழையை மட்டுமே பிடிக்கும். கட்டங்கள் நிரம்பிவிட்டன, அப்பாடா.