நகல் எடுத்தாலே அணைந்த ராஸ்பெர்ரி பை: கோளாறு கேபிளில்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள வீட்டில் ஓடும் என் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பெரிய கோப்பை நகல் எடுத்தால் மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆனது. சும்மா இருக்கையில் ஒரு குறையும் இல்லை.

மெமரி கார்டை மாற்றினேன், இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினேன், வேறு 3 ஆம்ப் அடாப்டரும் போட்டேன். பலனில்லை.

பிறகு திரையை இணைத்தேன். நகல் தொடங்கியதும் மூலையில் மஞ்சள் மின்னல் குறி! மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வருவது அது. திரையில்லாமல் ஓட்டினால் கண்ணில் படாது.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை போர்டின் 2 (5 வோல்ட்), 6 (கிரவுண்ட்) ஆம் பின்களில் வைத்தேன். (பக்கத்திலுள்ள 3.3 வோல்ட் பின்னோடு உரசினால் போர்டே போய்விடும், கவனம்.) சும்மா இருக்கும்போது 4.9; நகலின்போது 4.5.

அடாப்டரிலிருந்து வரும் மின் கேபிளின் உறையைப் பார்த்தேன்: 28 கேஜ் (கம்பித் தடிமன் எண்). எண் கூடக்கூடக் கம்பி மெலியும். இதன் மின்தடை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.2 ஓம், போக வர 0.4. அதில் 1.5 ஆம்ப் ஓடினால் 0.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். அடாப்டர் முனையில் அளந்தால் இது தெரியவே தெரியாது.

மின்னணுச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் 20 கேஜ் குட்டைக் கேபிள் வாங்கி மாட்டினேன். நகல் முடியும்வரை 5 வோல்ட்டிலேயே நின்றது. பெரிய நிம்மதி.