வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் நெட்வொர்க் சுவிட்ச் தேர்ந்தெடுப்பது எப்படி

ரவுட்டரில் உள்ள லேன் போர்ட்டுகள் நிரம்பிவிட்டால் அடுத்து வாங்க வேண்டியது சுவிட்ச், அதாவது கேபிள் செருகும் போர்ட்டுகளைப் பெருக்கித் தரும் பெட்டி. பழைய பொருள்கள் விற்கும் இடங்களில் இதே தோற்றத்தில் ஹப் என்ற பெட்டி மலிவாகக் கிடைக்கும். அதைத் தொட வேண்டாம். ஒரு போர்ட்டில் வரும் சிக்னலை ஹப் மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அப்படியே அனுப்பிவிடும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தரவு மோதி, இரண்டும் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டிவரும். வேகமும் 10 அல்லது 100 எம்பிபிஎஸ்தான். அதையும் எல்லாக் கருவிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) வைத்துத் தெரிந்துகொண்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் தரவை அனுப்பும். ஒவ்வொரு போர்ட்டிலும் அனுப்புவதும் பெறுவதும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் நடக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதி எண்ணுங்கள்: மேசைக் கணினி, டிவி, பிரிண்டர், நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டி), வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரா, ஐபி போன் என்று கேபிள் போகும் எல்லாவற்றையும். அதோடு ரவுட்டருக்குப் போகும் போர்ட் ஒன்றைக் கூட்டுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 5 போர்ட் சுவிட்சில் கருவிகளுக்கு மிஞ்சுவது 4 மட்டுமே. வந்த எண்ணோடு கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 8 போர்ட்டுக்குக் குறைந்து வாங்குவதில் பெரிய லாபமில்லை. இரண்டு 8 போர்ட் சுவிட்சுகளை இணைத்தால் ஒரு 16 போர்ட் சுவிட்சுக்குச் சமம் என்று நினைக்க வேண்டாம். இணைப்புக்கே இரண்டு போர்ட் போய்விடும், ரவுட்டருக்கு ஒன்று, மிச்சம் 13. அதோடு இரண்டாவது சுவிட்சில் உள்ள எல்லாக் கருவிகளும் அந்த ஒற்றை இணைப்பு வழியாகத்தான் வந்துபோக வேண்டும்.

வேகத்தில் ஜிகாபிட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். பெட்டியில் 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் அது 100 எம்பிபிஎஸ்; 10/100/1000 என்று இருப்பதே ஜிகாபிட். கேமராவுக்கான பிஓஇ சுவிட்சில் (கேபிளிலேயே மின்சாரமும் தரும் வகை) மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். ஒரு கேமரா 8 எம்பிபிஎஸ் அனுப்பினால் அதற்கு 100 எம்பிபிஎஸ் போர்ட் தாராளம். ஆனால் அப்படி 16 கேமராக்கள் சேர்ந்தால் 128 எம்பிபிஎஸ் ஆகிவிடும். ஆகவே என்விஆருக்கும் (கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) ரவுட்டருக்கும் போகும் அப்லிங்க் போர்ட்டுகள் ஜிகாபிட்டாக இருந்தே தீர வேண்டும்.

2.5 ஜிகாபிட் தேவைப்படுவது இணைய இணைப்பு 1 ஜிபிபிஎஸ்ஸைத் தாண்டும்போதும், நாஸிலிருந்து பெரிய வீடியோக் கோப்புகளை நேரடியாகத் திறந்து எடிட் செய்யும்போதும்தான். நல்ல கேட் 5இ கேபிளிலேயே அது 100 மீட்டர் வரை ஓடும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. இரு முனைக் கருவிகளிலும் 2.5 ஜிகாபிட் போர்ட் இருந்தால்தான் பலன். பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் சுவிட்சிங் கெப்பாசிட்டியை (எல்லாப் போர்ட்டுகளும் இரு திசையிலும் சேர்ந்து கடத்தும் மொத்த வேகம்) பார்த்து மயங்க வேண்டாம். 8 போர்ட் ஜிகாபிட்டுக்கு 16 ஜிபிபிஎஸ் போதும். இன்றைய சுவிட்சுகள் கிட்டத்தட்ட எல்லாமே அதை எட்டிவிடுகின்றன.

பிஓஇ: வாட் கணக்கு

கேமரா, ஆக்சஸ் பாயின்ட், ஐபி போன் ஆகியவற்றுக்கு அதே கேபிளில் மின்சாரமும் கொடுப்பது பிஓஇ. இதற்கு மூன்று தரங்கள் உண்டு. 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் கொடுக்கும். கேபிளில் போகும் இழப்பு போகக் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 802.3ஏடி என்றால் 30 வாட், கருவிக்கு 25.5. 802.3பிடி வகையில் 60, 90 வாட் வரை உண்டு; பெரிய ஆக்சஸ் பாயின்டுகளுக்கும் சுழலும் கேமராக்களுக்கும் அது வேண்டியிருக்கும்.

போர்ட்டுக்கு 30 வாட், மொத்தம் 8 போர்ட் என்றால் 240 வாட் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சுவிட்சின் மொத்த பிஓஇ பட்ஜெட் 60 வாட்டாக மட்டும் இருக்கலாம். விவரத்தாளில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். தலா 8 வாட்டில் 6 கேமரா, தலா 15 வாட்டில் 2 ஆக்சஸ் பாயின்ட் என்றால் மொத்தம் 78 வாட். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 94. ஆக, 100 வாட்டுக்குக் குறையாத பட்ஜெட் பாருங்கள். கேமராவின் வாட்டை எழுதும்போது இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது எடுக்கும் அதிகபட்ச அளவையே எழுதுங்கள். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமராக்கள் இருட்டியதும் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த பட்ஜெட்டைத்தான்.

இந்தத் தரங்களின்படி செய்த சுவிட்ச், எதிரே இருப்பது பிஓஇ கருவிதானா என்று சோதித்த பிறகே மின்சாரம் அனுப்பும். ஆகவே அதில் சாதாரணக் கணினியைச் செருகினாலும் கெடாது. பாசிவ் பிஓஇ என்று விற்பது கேட்காமலே, பெரும்பாலும் 24 வோல்ட்டை, அனுப்பிக்கொண்டே இருக்கும். பொருந்தாத கருவியைச் செருகினால் அதன் போர்ட் எரிந்துபோகலாம்.

மேனேஜ்டு வேண்டுமா?

வீட்டில் இணைப்பைப் பெருக்குவது மட்டுமே நோக்கம் என்றால் அமைப்புகள் எதுவும் இல்லாத அன்மேனேஜ்டு போதும், செருகினால் ஓடும். விருந்தினர் வைஃபையையும் பில்லிங் கணினியையும் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்க வேண்டுமானாலோ, கேமராக்களைத் தனியே ஒதுக்க வேண்டுமானாலோ விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) தேவை. அதற்கு பிரவுசரில் அமைக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்ச் போதுமானது. முழு மேனேஜ்டு வகைக்குச் செலவழிக்கும் அவசியம் சிறு அலுவலகத்தில் அரிது. ஆனால் சுவிட்சில் மட்டும் விலான் போட்டால் வேலை முடியாது. விலானுக்கான தரமான 802.1க்யூவைப் புரிந்துகொள்ளும் ரவுட்டர் இல்லாவிட்டால் பிரித்து வைத்த விலானுக்கு ஐபி முகவரியும் கிடைக்காது, இணையமும் வராது. முதலில் ரவுட்டரில் அந்த வசதி உண்டா என்று பார்த்துவிட்டு சுவிட்ச் வாங்குங்கள். அமைத்த கையோடு தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அமைப்பின் நகலைக் கணினியில் சேமித்து வையுங்கள். நீங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் போர்ட்டின் விலானைத் தவறாக மாற்றினால் சுவிட்ச் உங்களையே வெளியே தள்ளிவிடும். ரீசெட் செய்த பிறகு அந்த நகல்தான் கைகொடுக்கும்.

மேனேஜ்டு வகைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. யாராவது ஒரு கேபிளின் இரு முனையையும் தெரியாமல் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் தரவு வட்டமாகச் சுற்றிப் பெருகி நெட்வொர்க் முழுதும் நின்றுவிடும். எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் இடைவிடாமல் மின்னுவது இதன் அடையாளம். ஸ்பானிங் ட்ரீ இயங்கும் சுவிட்ச் இதைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை அடைத்துவிடும். அன்மேனேஜ்டு சுவிட்சில் பொதுவாக அது இருக்காது. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றித்தான் தேட வேண்டும்.

பொருத்துவதும் சோதிப்பதும்

மோடம், பிறகு ரவுட்டர், அதன் லேன் போர்ட்டிலிருந்து சுவிட்ச். இந்த வரிசை மாறக்கூடாது. மோடத்தையும் மற்றக் கருவிகளையும் நேரே சுவிட்சில் செருகினால் பெரும்பாலும் ஒரு கருவிக்கு மட்டுமே இணையம் கிடைக்கும். ரவுட்டரின் பாதுகாப்பும் இருக்காது. பழைய ரவுட்டரையே சுவிட்சாகப் பயன்படுத்தலாம். அதன் ஐபி முகவரியைப் புது ரவுட்டருடன் மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை இணையத்துக்கான வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் சில கருவிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது. காரணம் தேடியே பொழுது போய்விடும்.

வேகம் குறைந்தால் சுவிட்சைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். ஓர் இழை விட்டுப்போனால் இணைப்பு அறுந்துவிடாமல் 100க்கு இறங்கி ஓடக்கூடும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கணினியின் நெட்வொர்க் நிலையில் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனை மென்பொருள் கொண்டு சோதித்தால் ஜிகாபிட்டில் 940 எம்பிபிஎஸ் வாக்கில் வர வேண்டும். 95க்குள் நின்றால் கனெக்டரை வெட்டிப் புதிதாக அடியுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிளை வாங்கவே வேண்டாம். மின்தடை அதிகம் என்பதால் பிஓஇ கொடுக்கும்போது சூடாகும், தூரத்துக் கேமராவுக்கு வோல்ட் போதாமல் போகும்.

சுவிட்சையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். படுக்கையறைக்கு விசிறி இல்லாத மாடலையே எடுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுத்தால் இடி மின்னலின்போது இரு பக்கமும் கருவிகள் எரியக்கூடும். அங்கே எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் மாட்யூல் செருகும் துளை) உள்ள சுவிட்சுகளை வாங்கி ஃபைபர் போடுவதே சரி. சிங்கிள் மோட் ஃபைபருக்கு இரு முனையிலும் சிங்கிள் மோட் மாட்யூலே வேண்டும். ஒற்றை இழையில் ஓடும் வகையாக இருந்தால், அலைநீளம் எதிரெதிராக அமைந்த ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள்.