லாரியின் கம்ப்யூட்டருக்குக் கைவைத்தியம்: எங்கே கையைச் சுடும்?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு வண்டியின் டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு, வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிடுங்கித் துடைத்துப் போடு, சாவியைப் பத்துத் தடவை திருப்பு. இவற்றில் பலிப்பவையும் உண்டு. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தபின் புகைபோக்கிப் பக்கம் சேர்ந்த பம்ப்பும் சென்சார்களும் தப்பான வைத்தியத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை.

முதல் தவறு, டிஸ்ப்ளேயில் வரும் கோளாறுக் கோட் எண்ணைக் குறிக்காமல் ரீசெட் செய்வது. அந்தக் கோடில் எஸ்பிஎன் என்பது எந்த உறுப்பு என்றும், எஃப்எம்ஐ என்பது என்ன மாதிரிக் கோளாறு என்றும் சொல்கிறது. எஃப்எம்ஐ 3, 4, 5 வந்தால் அது மின்சுற்றுக் கோளாறு. சென்சார் நன்றாகவே இருந்து, வயரோ கப்ளரோ கெட்டிருக்கலாம். புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் விலையை ஒருமுறை கேட்டவர்கள் முதலில் கப்ளரைத்தான் பார்ப்பார்கள். டிஸ்ப்ளேயை போனில் படம் எடுத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

சம்பந்தமே இல்லாத நாலைந்து லைட்கள் ஒன்றாக எரிந்தால் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்காதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் சேர்ந்து 25.2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 27.5 முதல் 28.5 வரை. ஸ்டார்ட் அடிக்கையில் 18க்குக் கீழே விழுந்தால் இசியு எனும் இன்ஜின் கம்ப்யூட்டர் தடுமாறும். பேட்டரிகளைத் தனித்தனியாகவும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாட்டுப் பெட்டிக்கோ மொபைல் சார்ஜருக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒன்று வறண்டு, மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழைய வழக்கத்தை அடியோடு மறந்துவிடுங்கள். அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டலாம், இசியு போய்விடும்.

பேட்டரி இணைப்பை வெட்டும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துப் போடும் வைத்தியம் நிஜமாகவே உதவும், ஆனால் அதற்கு நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். சாவியை அணைத்த பிறகும் பல வண்டிகளில், புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூவின் பம்ப், குழாயிலிருக்கும் யூரியாவை டேங்குக்குத் திருப்பி இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குள் கரண்டை வெட்டினால் மிச்சம் குழாயிலேயே காய்ந்து, உப்புப் போல வெள்ளையாக இறுகி, ஊசித் துளையை அடைத்துவிடும். சாவியை எடுத்ததும் பம்ப் சத்தம் முழுக்க அடங்கும்வரை, குறைந்தது இரண்டு நிமிடம் பொறுங்கள். பின்பு ஐசோலேட்டரை அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ஊசி முனையில் வெள்ளை படிந்திருந்தால் கத்தியால் சுரண்டாமல் வெந்நீரில் கரைக்கவும். ஆட்ப்ளூவில் யூரியா 32.5 சதவீதம், மிச்சம் கனிமம் நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ரீசெட் எதுவும் பலிக்காது.

கடற்காற்று படும் வண்டிகளில் கப்ளர் பின்களும் எர்த் பட்டைகளும் சீக்கிரம் பச்சை பூக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் பின்னின் மேல் பூச்சு போய், அடுத்த மழையிலேயே மறுபடி பூக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்ந்தபின் கப்ளரின் ரப்பர் சீலில் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினால் போதும். பெண் பின்னுக்குள், அதாவது துளையுள்ள பின்னுக்குள், மல்டிமீட்டர் முனையைத் திணிக்காதீர்கள். அது விரிந்து, மேடு பள்ளத்தில் மட்டும் வந்துபோகும் கோளாறாக மாறும், கண்டுபிடிக்க நாள் கணக்காகும். டெஸ்ட் லேம்ப்பால் வயரைக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். 5 வோல்ட் சென்சார் வயர் பல்பு இழுக்கும் கரண்டைத் தாங்காது. குத்திய ஓட்டை வழியே தண்ணீரும் ஏறும்.

ஜிபிஎஸ் பெட்டி மாட்டியபின் தொடங்கிய தகவல்தொடர்புக் கோளாறு என்றால், அதைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஐசோலேட்டரை அணைத்து, வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் வயர் இரண்டுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டரோ அதற்குப் போகும் வயரோ விட்டுப்போயிருக்கிறது.

மணிக்கணக்காக ஐடிலில் நிற்பது புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டிக்கு ஆகாது. புகைபோக்கி சூடேறாமல் கரி சேரும். அதற்காக வரிசையிலேயே, கரியை எரித்துத் தள்ளும் ரீஜென் பட்டனை அழுத்திவிடக் கூடாது, உள்ளே சூடு 600 டிகிரியை நெருங்கும். காய்ந்த புல்லும் குப்பையும் இல்லாத திறந்த இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யுங்கள். தொடங்கினால் முடியும்வரை அணைக்காதீர்கள்.

வீல் பேரிங் வேலைக்குப் பிறகு சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் லைட் எரிகிறதா? பெரும்பாலும் சக்கர வேக சென்சார் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். பல் வளையத்தைத் தொடும்வரை கையால் உள்ளே அழுத்தி, மெதுவாக ஓட்டினால் தேவையான இடைவெளியைச் சக்கரமே சரிசெய்துகொள்ளும். கை அழுத்தத்துக்கு அசையாவிட்டால் சுத்தியலை எடுக்காமல், சென்சாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் புஷ்ஷைக் கழற்றித் துருவைத் துடைத்துத் திரும்பப் போடுங்கள்.