செவிலிய மாணவர்களுக்கான மருத்துவ ஆங்கிலம்: எங்கே தொடங்குவது?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு நர்சிங் சேரும் மாணவர்கள், முதல் மாதத்தில் மிரள்வது உடற்கூறியல் புத்தகத்தின் நீண்ட சொற்களைக் கண்டுதான். அவற்றை முழுதாக மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை.

முதல் படி: சொல்லைப் பிரித்தல்

எப்போதும் கடைசியிலிருந்து பிரியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் அறுத்து நீக்குதல், 'ஆஸ்டமி' என்றால் பெரும்பாலும் உடலின் வெளிப்புறத்துக்கு ஒரு திறப்பு அமைத்தல். 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'கேஸ்ட்ரோ' இரைப்பை. இந்த ஐந்து துண்டுகளைக் கொண்டே நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி, கேஸ்ட்ராஸ்டமி முதலிய ஆறு சொற்களுக்குப் பொருள் சொல்லிவிடலாம். நாளொன்றுக்கு ஐந்து துண்டுகள் போதும்.

இரண்டாம் படி: காதைப் பழக்குதல்

டிஸ்ஃபேஜியா என்பது விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா என்பது பேச்சில், மொழியில் வரும் குறை. பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே வரக்கூடும் என்பதால், முன்னதைப் பின்னதாகக் கேட்டுக்கொண்டு வாய்வழியே கஞ்சி கொடுத்தால், அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எண்களும் அப்படித்தான்: ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோல ஒலிக்கும். ஆகவே 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

மூன்றாம் படி: நோயாளியின் சொல்லை எழுதுதல்

நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். 'மூச்சு வாங்குது' என்றால் பிரெத்லெஸ்னெஸ். 'தலை சுத்துது' என்றால் கிடினெஸ். ஆனால் ஒரு பெரியவர் நெஞ்சில் கைவைத்து, 'எரியுதும்மா' என்று சொன்னால் உடனே ஹார்ட்பர்ன் என்று எழுதிவிடக் கூடாது. அந்தச் சொல் இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் எரிச்சலைக் குறிப்பது; மாரடைப்பும் சிலருக்கு எரிச்சலாகவே தொடங்கும். 'கம்ப்ளெயின்ஸ் ஆஃப் பர்னிங் சென்சேஷன் இன் தி செஸ்ட்' என்று அவர் உணர்ந்ததை மட்டும் நேரத்தோடு குறித்து, உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். வீட்டில் பாட்டி சொல்லும் உபாதைகளைக் கேட்டு, தினமும் ஒரு குறிப்பேட்டில் இப்படி இரண்டு வரி எழுதிப் பழகலாம்.

நான்காம் படி: வாய்விட்டுச் சொல்லுதல்

பணி மாறும்போது நோயாளியை ஒப்படைக்க 'எஸ்பார்' முறை உதவும். சிச்சுவேஷன், பேக்ரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமெண்டேஷன் என்ற வரிசையில், இப்போது என்ன நிலை, முன்பு என்ன நடந்தது, நான் கண்டது என்ன, இனி என்ன வேண்டும் என்று நான்கு வாக்கியங்களில் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிந்து கேளுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லிப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணிக்காக ஓ.இ.டி. எனும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதுவோர்க்கும் இதே பயிற்சி கைகொடுக்கும். அதன் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில், நோயாளியின் குறிப்புகளிலிருந்து பெறுநருக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கியெடுத்துக் கடிதமாக்க வேண்டும்.