அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அசிஸ்டண்ட் கோச் ஆக வேண்டுமா? முதலில் ஃபங்கோ அடித்துப் பழகுங்கள்

இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்கும் தம்பிகள் பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்றுதான் தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஃபங்கோ அடிக்க வருமா?

ஃபீல்டர்களுக்குப் பயிற்சிப் பந்து அடித்துக்கொடுக்கும் மட்டைதான் ஃபங்கோ. ஒல்லியாக, எடை குறைவாக இருக்கும். ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, அது இறங்கும்போது அடிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி ஒன்று, அதே வேகத்தில் வலப்பக்கம் ஒன்று, அப்புறம் நேராக நெஞ்சுக்கு ஒன்று. இப்படி ஒரு மணி நேரம் குறி தவறாமல் அடிக்கத் தெரிந்தவனை எந்த ஹெட் கோச்சும் கவனிப்பார். உங்கள் பழைய பேட்டிங் சராசரி அங்கே யாருக்கும் நினைவிருக்காது.

ஆட்டத்துக்கு முந்தைய ஃபீல்டிங் பயிற்சியை, அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு நேர் மேலே ஒரு பந்தை அடித்து முடிப்பது வழக்கம். ஒரு ஜூனியர் காலேஜில், அதாவது இரண்டு வருடக் கல்லூரியில், எனக்கு அது முதல் வாரம். எதிரணி, வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் சாய்ந்து நின்று பார்க்கிறது. மூன்று முறை மட்டையை வீசினேன், மூன்றும் தப்பு. கேட்சர் பேசாமல் வந்து என் கையிலிருந்து பந்தை வாங்கி, தானே மேலே எறிந்து, தானே பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று இரவு காலி மைதானத்தில் ஒரு வாளிப் பந்தை அடித்துத் தீர்த்தேன். பந்தை வழக்கத்தைவிட உயரமாகப் போட வேண்டும், மட்டை அதன் அடிப்பாகத்தில் பட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நுழைய வழிகள் சில உண்டு. கல்லூரி விளையாட்டில் மேல்தட்டு டிவிஷன் 1. அதற்குக் கீழே உள்ள டிவிஷன் 2, டிவிஷன் 3, சின்னக் கல்லூரிகளின் தனி அமைப்பான என்ஏஐஏ ஆகியவற்றின் கல்லூரிகளில் முதுகலை படித்துக்கொண்டே கிராஜுவேட் அசிஸ்டண்டாக இருப்பது ஒன்று. படிப்புச் செலவு குறையும், கைச்செலவுக்குக் கொஞ்சம் வரும். ஜூனியர் காலேஜ் இன்னொன்று. அங்கே வேன் ஓட்டுவதும் நீங்கள்தான், ஜெர்சி துவைப்பதும் நீங்கள்தான், மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பதும் நீங்கள்தான். கோடையில் கேப் காட், நார்த்வுட்ஸ் போன்ற லீகுகளில் ஓர் அணியில் ஒட்டிக்கொள்ளப் பாருங்கள். பெரிய கல்லூரி வீரர்கள் அங்கே வருவார்கள். 'எங்கள் பையன் எப்படி இருக்கிறான்?' என்று அவர்களுடைய கோச்சுகள் உங்களுக்கு போன் செய்வார்கள். பூசி மெழுகாமல் பதில் சொன்னால் அந்த எண் உங்கள் போனில் தங்கும். எனக்கு வந்த மூன்று வேலைகளில் இரண்டு அப்படி வந்தவைதான். ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் கோச்சுகள் சங்க மாநாடு நடக்கும். அதற்கும் போங்கள், ஆனால் நடைபாதையில் பயோடேட்டா நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

சம்பளத்துக்கு வருவோம். 2023 ஜூலை 1 வரை டிவிஷன் 1 அணியில் ஹெட் கோச், சம்பளம் வாங்கும் இரண்டு அசிஸ்டண்ட்கள், போக 'வாலண்டியர்' ஒருவர். வாலண்டியருக்குக் கல்லூரிச் சம்பளம் கிடையாது. நான் இரண்டு வருடம் அப்படி இருந்தேன்: பகலில் மைதானம், இரவில் வலை கட்டிய பேட்டிங் கேஜில் பள்ளிப் பையன்களுக்குக் காசு வாங்கிப் பாடம். இப்போது மூன்று அசிஸ்டண்ட்களுக்கும் சம்பளம் தரலாம். தரலாம் என்பதுதான் விதி, எவ்வளவு என்பது கல்லூரியைப் பொறுத்தது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: சம்பளம் பத்து மாதமா, பன்னிரண்டா? மருத்துவக் காப்பீடு உண்டா? கோடை முகாம் வருமானத்தில் பங்கு எவ்வளவு? கூச்சப்படாதீர்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: எந்தப் பகுதி முழுக்க என் பொறுப்பு? கேட்சர்களோ, அவுட்ஃபீல்டோ, எதுவோ ஒன்று உங்களுடையதாக இருக்க வேண்டும். பெரிய பெயருள்ள கல்லூரியில் நாலாவது ஆளாகப் பந்து பொறுக்குவதைவிட, சின்ன இடத்தில் பந்து எறியும் பிட்சர்களை முழுசாக ஒப்படைக்கும் ஹெட் கோச் மேல் என்பேன். டோனி விட்டெல்லோ மிசௌரி, டெக்சஸ் கிறிஸ்டியன், ஆர்கன்சா பல்கலைக்கழகங்களில் சுமார் 15 வருடம் அசிஸ்டண்டாக இருந்த பிறகே 2017இல் டென்னஸி அவரை ஹெட் கோச்சாக எடுத்தது. 2024இல் தேசியப் பட்டம், 2025இல் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் மேனேஜர், அதாவது தலைமைக் கோச் பதவி. அவசரப்படுகிறவர்கள் அந்த 15ஐ இன்னொரு முறை பார்க்கவும்.

ஆள் தேடுவதுதான் இந்த வேலையில் பாதி. கோடை முழுக்க பள்ளி அணிகளின் போட்டிகள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் எல்லாக் கோச்சும் பந்தின் வேகம் அளக்கும் ரேடார் கன்னோடு உட்கார்ந்திருப்பார்கள். கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறிவதை ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள், இரண்டு நொடிக்குள் வந்தால் பெயரைக் குறியுங்கள். அப்புறம் அங்கிருந்து எழுந்து முதல் பேஸ் பக்கம் போய் உட்காருங்கள். ஒருமுறை 14-2 என்று தோற்றுக்கொண்டிருந்த அணியில் ஒரு ரைட் ஃபீல்டரை, அதாவது மைதானத்தின் வலக்கோடியில் நிற்பவனை, பார்த்தேன். இன்ஃபீல்டில் பந்து உருளும் ஒவ்வொரு முறையும், எறி தவறினால் பிடிக்க முதல் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்தான். ஏழுக்கு ஏழு. ஒரு பந்துகூட அவனிடம் வரவில்லை. பேட்டிங் சுமார்தான், இருந்தும் அவன் பெயரை எழுதிக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை பையனோடு பேச டிவிஷன் 1 விதி இடம் தராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டிவிஷன் 1 சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும், 56 ஆட்டம் வரை. ஜூனில், கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அப்போது போன் ஓயாது. கல்யாணம் என்றால் நவம்பர் கடைசியில் வையுங்கள், என் மனைவி வீட்டாருக்கு அந்தக் கணக்கு இன்னும் புரியவில்லை.

ஹெட் கோச்சை நீக்கினால் பெரும்பாலும் நீங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் வீடு வாங்காமல் வாடகைக்கு இருங்கள், வாடகை ஒப்பந்தத்தை ஜூலையில் முடிகிற மாதிரி போடுங்கள். ஃபங்கோ மட்டை கல்லூரியுடையதாக இருக்க வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.