மெமரிஸ்டர் கிராஸ்பாரில் கசிவு: ப்ராஜெக்ட் சறுக்கும் இடங்கள்

மெமரிஸ்டர் என்பது தன் மின்தடையை மாற்றி 0, 1 என நினைவில் வைக்கும் செல்; நிரைக் கம்பிகளும் நிரல் கம்பிகளும் குறுக்கிடும் இடமெல்லாம் ஒன்று வைத்தால் அது கிராஸ்பார். இங்கே 1 மெகாஓம் என்றால் 0, 10 கிலோஓம் என்றால் 1. எல்லா செல்லும் 1 மெகாஓமில் இருக்கும்போது சோதித்துவிட்டு "சரியாகப் படிக்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதுவதுதான் முதல் தவறு. அந்த நிலையில் மோசமான போர்டுகூடத் தேறிவிடும். படிக்கும் செல் மட்டும் 1 மெகாஓம், மற்ற 63-ம் 10 கிலோஓம்: சோதனை இதுதான். 8×8-இல் மற்ற கம்பிகளை எதிலும் இணைக்காமல் விட்டால் கரண்ட் மும்மூன்று செல்களாகச் சுற்றி வந்துவிடும். அந்தச் சுற்றுவழிகள் எல்லாம் சேர்ந்து வெறும் 3.06 கிலோஓம். 0 என்று வர வேண்டியது 1 ஆகிவிடும்.

எட்டில் ஒரு கம்பியை மட்டும் இணைக்கும் சுவிட்ச் ஐசியான CD4051 போட்டால் நடப்பது இதுதான். தேர்ந்தெடுக்காத கம்பிகள் அந்தரத்தில் தொங்கும். நிரைகளுக்கு, மூன்று இருவழி சுவிட்ச் கொண்ட CD4053 போடுங்கள்; 8 நிரைக்கு 3 ஐசி. ஒவ்வொரு நிரையும் ரீட் வோல்ட்டேஜிலோ கிரவுண்டிலோ இருக்கட்டும். படிக்காத நிரல்களும் கிரவுண்டுக்குத்தான். 5 வோல்ட் சப்ளையில் CD4053-இன் ஆன் ரெசிஸ்டன்ஸே (சுவிட்ச் மூடியிருக்கும்போதுள்ள தடை) சில நூறு ஓம். துல்லியம் வேண்டுமென்றால் 5 ஓமுக்குக் கீழுள்ள சுவிட்ச் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, படிக்கும் நிரலை கிரவுண்ட் அளவில் பிடித்து அதன் கரண்ட்டை அளக்கும் ஆப்-ஆம்பாக LM358 போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அதன் ஆஃப்செட் (உள்ளீட்டில் இருக்கும் சிறு வோல்ட்டேஜ் பிழை) 3 மில்லிவோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். அதே நிரலில் உள்ள மற்ற 7 செல்கள் பக்க இணைப்பில் 1.43 கிலோஓம், ஆஃப்செட்டால் மட்டும் 2.1 மைக்ரோஆம்பியர் ஓடும். 0.2 வோல்ட்டில் படிக்கும் 1 மெகாஓம் செல் தருவதோ 0.2 மைக்ரோஆம்பியர். சிக்னலைப்போல் பத்து மடங்கு பிழை! ஆஃப்செட் 10 மைக்ரோவோல்ட் அளவில் உள்ள ஆப்-ஆம்ப் போட்டால் பிழை 7 நானோஆம்பியருக்கு இறங்கும்.

செல்லுக்கு ஒரு 1N4148 டயோடு வைத்துக் கசிவைத் தடுக்கலாமே என்று தோன்றும். 0.2 வோல்ட்டில் சிலிக்கன் டயோடு திறக்கவே திறக்காது. ரீசெட்டுக்கு (மறுபடி 0 ஆக்குவதற்கு) திருப்பி வோல்ட்டேஜ் கேட்கும் ஹாஃப்னியம் ஆக்ஸைடு செல்லுக்கு அது எழுதவும் விடாது. செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர்தான் வழி.

புதுச்சேரி, கடலூர் உப்புக்காற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். சால்டர் செய்த ஃப்ளக்ஸ் அப்படியே இருந்தால் ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆப்-ஆம்ப் உள்ளீட்டுக்கும் பக்கத்து 5 வோல்ட் காலுக்கும் நடுவே 100 மெகாஓம் கசிவு இருந்தாலே 50 நானோஆம்பியர், அதாவது சிக்னலில் கால் பங்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். உள்ளீட்டைச் சுற்றி கிரவுண்ட் வளையம் போடுங்கள். அழுக்கின் மேலேயே கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பிறகு செல்கள் இல்லாத வெற்றுப் போர்டை 0.2 வோல்ட்டில் அளந்து பாருங்கள். 2 நானோஆம்பியரைத் தாண்டினால் மறுபடியும் கழுவ வேண்டியதுதான்.