ஒரே கால்பந்து கேமை வருஷக்கணக்கில் ஆடுவது எப்படி

புது கால்பந்து கேம் வந்துவிட்டது, வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், கையில் இருப்பதை முழுசாக ஆடிவிட்டீர்களா என்றுதான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் ஆடியிருக்க மாட்டார்கள். நான்கு பெரிய அணிகளை மாற்றி மாற்றி எடுத்து, எப்போதும் ஒரே மாதிரி கோல் போட்டு, சலித்துப்போய் அடுத்த வருஷத்து கேமுக்குக் காத்திருப்பார்கள். 1994-ல் வந்த சென்சிபிள் வேர்ல்டு ஆஃப் சாக்கரை இன்றைக்கும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கிற குட்டிக்குட்டி ஆட்கள், ஒரே ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆனால் அதில் பந்தை உதைத்த பிறகும் காற்றில் வளைக்கலாம். அந்த ஒரு விஷயத்தைப் பழகி முடிக்கவே ஆயுள் போதாது.

முதலில், எந்த கேம்? ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட முடிய வேண்டும். ஒரு அணியைப் பல சீசன்கள் நடத்திப் போகிற கேரியர் மோடு, இணைய இணைப்பு இல்லாமலே ஓட வேண்டும். இரண்டும் இருந்தால் எந்த வருஷத்து கேமாக இருந்தாலும் சரி. என் தம்பியும் நானும் ரொம்ப நாள் ஆடியது 2006-ல் வந்த பெஸ் 6, அதாவது ப்ரோ எவல்யூஷன் சாக்கர். கிராஃபிக்ஸ் இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும், உரிமம் இல்லாததால் பல அணிகளுக்கு நிஜப் பெயரும் கிடையாது. இருந்தாலும் பந்து காலில் ஒட்டிக்கொள்ளாமல் தனியாக உருளும். ஒரு கேம் நிலைக்குமா என்று நான் பார்ப்பது இதைத்தான்.

டிஸ்க் கிடைத்தால் டிஸ்க்கே வாங்குங்கள். உரிம ஒப்பந்தம் முடிந்ததும் பழைய கால்பந்து கேம்களை டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆன்லைன் சர்வரையும் சில வருஷத்தில் மூடிவிடுவார்கள். டிஸ்க்கை யாரும் வந்து பிடுங்க முடியாது.

அடுத்து பட்டன். பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில், பெஸ்ஸில் சதுர பட்டன் ஷாட், வட்ட பட்டன் தூக்கிப் போடும் பாஸ். அதன் போட்டி கேமான ஃபிஃபாவில் இது அப்படியே தலைகீழ். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் கோல் முன்னால் நின்று கிராஸ் போடும். கை பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், செட்டிங்ஸில் போய் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

ஆட்ட நேரத்தைக் கூட்டுவது அதைவிட முக்கியம். பாதிக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் பந்து கிடைத்ததும் எதிர் கோலை நோக்கி ஓடத்தான் தோன்றும், பின்னால் பாஸ் கொடுக்க மனசே வராது. ஃபிஃபாவில் பாதிக்கு 8 முதல் 10 நிமிஷம் வையுங்கள். பெஸ்ஸில் அந்த இடத்தில் மொத்த ஆட்ட நேரத்தைக் கேட்கும், அங்கே 15 அல்லது 20. ஆட்டம் மெதுவானதும் நடுக்களம் என்று ஒன்று இருப்பது தெரிய வரும்.

கம்ப்யூட்டரோடு ஆடும்போது, பத்தில் ஐந்தாறு ஜெயிக்கிற லெவல்தான் உங்கள் லெவல். அதற்கு மேல் ஜெயித்தால் ஏறுங்கள். ஆனால் கடைசி லெவலுக்குப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே கம்ப்யூட்டர் புத்திசாலியாக ஆடுவதில்லை, அதன் பாஸ்கள் தப்பாமல் போகின்றன, அவ்வளவுதான். ஒரு படி கீழேயே நின்று ஸ்லைடரில், அதாவது ஆட்டத்தின் தன்மையை எண்ணால் ஏற்றி இறக்குகிற செட்டிங்கில், கைவையுங்கள். ஃபிஃபாவிலும், 2023 முதல் அந்தப் பெயரை விட்டுவிட்டு வருகிற ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சியிலும், பாஸ் பிழை, ஷாட் பிழை, ஓட்ட வேகம் எல்லாம் 50-ல் இருக்கும். உங்களுக்கு ஒரு வரிசை, கம்ப்யூட்டருக்கு ஒரு வரிசை. இரண்டு பக்கமும் பாஸ் பிழையை 60 பக்கம் ஏற்றி, ஓட்ட வேகத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடர்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருகினால் எது என்ன செய்தது என்றே புரியாது.

இப்போது தடுப்பாட்டம். சலிப்புக்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. கோல் போடுவதை எல்லோரும் தானாகவே பழகிக்கொள்வார்கள். தடுக்க யாரும் உட்கார்ந்து பழகுவதில்லை. அதனால் ஒவ்வொரு மேட்சும் ஐந்துக்கு நாலு என்று முடியும், எந்த கோலுக்கும் மதிப்பு இருக்காது. செய்ய வேண்டியது இதுதான்: கடைசி வரிசை டிஃபெண்டரைத் தொடாதீர்கள். அவரை இழுத்துக்கொண்டு பந்தைப் பார்த்து ஓடினால், அவர் விட்டுப்போன இடத்துக்குள் த்ரூ பால், அதாவது டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால் விடுகிற பாஸ், வரும். நடுக்கள வீரர் ஒருவரை எடுத்து, பாஸ் போகக்கூடிய வழியில் நில்லுங்கள். பந்தைப் பறிக்க வேண்டாம், வழியை அடைத்தால் போதும். ஸ்பிரின்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஃபிஃபாவில் எல்2 பட்டனைப் பிடித்தால் எதிராளியின் முகத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகரலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆடுங்கள். முதல் சில நாள் செமத்தியாக அடி வாங்குவீர்கள். அப்புறம் ஒன்றுக்கு பூஜ்யம் என்று ஒரு மேட்ச் முடியும், அந்த ஒரு கோலை ரீப்ளேயில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

அது கை வந்ததும் பாஸ் உதவியைக் குறையுங்கள். முழு உதவி, பாதி உதவி, உதவியே இல்லாதது என்று படிகள் இருக்கும். நேராகக் கடைசிப் படிக்குப் போனால் பந்து பார்வையாளர் பக்கம்தான் போகும். முதலில் த்ரூ பாலுக்கு மட்டும் குறையுங்கள், அதில்தான் மாற்றம் நன்றாகத் தெரியும்.

கேரியர் மோடில் நீங்களாகச் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும், கேம் போடாது. பெஸ்ஸின் கேரியர் மோடான மாஸ்டர் லீகில் கஸ்டோலோ, மினாண்டா என்று கற்பனை வீரர்களை வைத்துத் தொடங்க வேண்டியிருக்கும். சுமாரான ஆட்கள். அவர்களை விற்றுவிட்டு நட்சத்திரங்களை வாங்க எல்லோரும் பறப்பார்கள். ஆனால் அந்த மோடை ஆடியவர்களிடம் பேசிப் பாருங்கள், கஸ்டோலோ போட்ட கோல்தான் ஞாபகத்தில் இருக்கும். எங்கள் வீட்டுச் சட்டங்கள்: கீழ் டிவிஷன் அணி, ஒரு சீசனுக்கு இரண்டு பேரை மட்டும் வாங்கலாம், தோற்றதும் பழைய சேவுக்குத் திரும்பக் கூடாது. மூன்றாவதை மீறினால் மற்ற இரண்டுக்கும் அர்த்தமே இல்லை.

ஃபிஃபாவில் வீரர்களின் அட்டை சேர்த்து அணி கட்டுகிற அல்டிமேட் டீம் மோடு பக்கம் நான் போவதில்லை. காசு கொட்டிச் சேர்த்த அணியை அடுத்த கேமுக்குக் கொண்டுபோக முடியாது என்பதுதான் அதன் வழக்கம். ஒரே கேமை நீண்ட நாள் ஆட நினைப்பவருக்கு அது ஒத்துவராது.

இரண்டு பேர் ஆடினால் தோற்றவர் அடுத்த மேட்சுக்கு இருவருக்கும் அணி தேர்ந்தெடுக்கட்டும். தம்பி தோற்ற கடுப்பில் எனக்கு எந்த அணியை எடுத்துத் தருவான் என்று சொல்லவே வேண்டாம். அதனாலேயே கேள்விப்படாத நாட்டு அணிகளின் வீரர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பந்து வெளியே போனால்தான் பாஸ் பட்டனை, அதாவது ஆட்டத்தை நிறுத்துகிற பட்டனை, அமுக்க வேண்டும். சண்டை மூளுவது இதில்தான், முன்கூட்டியே பேசிவிடுங்கள். சண்டை தாங்கவில்லை என்றால் இருவரும் ஒரே அணியில் சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடலாம்.

விரல் வேகம் இல்லாதவர்களுக்கு, பந்தைத் தொடாமல் அணியை மட்டும் நடத்துகிற மேனேஜர் கேம்கள் இருக்கின்றன. 2001-ல் வந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02-க்கு ரசிகர்களே புது வீரர் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெஸ்ஸுக்கும் அப்படி பேட்ச்கள், அதாவது கேமை மாற்றுகிற ரசிகர் ஃபைல்கள், உண்டு. எதைப் போடுவதானாலும் முதலில் சேவ் ஃபைலை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பட்டியல் மாறினால் சில பேட்ச்களில் பழைய கேரியர் திறக்காது. நடுசீசனில் இருந்தால் அதை முடித்துவிட்டே பேட்ச் போடுங்கள்.